வாய்க்கூடு பூஜையில் இருந்த நாள்

குளிக்க அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், உங்கள் வீட்டு நாய் அதில் பாதியைக் குடித்துத் தீர்த்துவிட்டு, மோவாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட உங்களை நிமிர்ந்து பார்த்தது உண்டா? இல்லையென்றால் நானும் நாய் வளர்க்கிறேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்களிடம் இருப்பது நாய் இல்லை, ஏதோ வாலாட்டுகிற சாமான்.

எங்களிடம் இருந்தது நாய். இருக்கிறது என்று அடித்திருக்க வேண்டும். விரல் முந்திக்கொண்டது. திருத்தப் போவதில்லை, திருத்த உட்கார்ந்தால் மேலே ஒரு வரி ஓடாது.

அவன் இப்போது டவுனுக்கு வெளியே ஆற்றோரத்தில் நாய்ப்பட்டியில் ஒரு கூண்டுக்குள் கிடக்கிறான். விடுவார்களா, சுடுவார்களா என்பது பத்தாவது நாள் தெரியும். அதுவரை அப்பா பட்டறைக்குப் போகிறார், அம்மா சோறு வடிக்கிறாள், நான் அச்சாபீஸிலிருந்து இரவல் வாங்கி வந்த தமிழ் டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். நடந்ததில் பெரிய பங்கு என்னுடையது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அவனுடைய தாய் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் கிடந்த செவலை நாய். தகப்பன் அந்தத் தோட்டத்துத் துரை சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த நாய். கன்றுக்குட்டி உயரம், தொங்கும் கடைவாய், நடந்தால் பலகைத் தரை அதிரும். துரை அதற்கு இன்னொரு சீமை நாயைப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் மாப்பிள்ளை வேலி தாண்டி லயத்துக்குப் போய்விட்டான். அங்கே கங்காணியாக இருந்த என் தாய்மாமா, துரைக்குத் தெரிவதற்குள் ஒரு குட்டியை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுக் கிள்ளானில் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கினார்.

"பூனையாட்டம் இருக்கும்க்கா. ஒரு மூலையில கெடக்கும்" என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணினாராம்.

நான் அப்போது சிங்கப்பூரில் காலேஜில் இருந்தேன். முதல் விடுமுறைக்கு வந்தபோது அந்தப் பூனை முன்னறை முழுவதும் படுத்திருந்தது. தலை வாசல்படியில், வால் அடுக்களைக் கதவில். தாண்டித்தான் உள்ளே போனேன். அடுத்த விடுமுறையில் தாண்டவும் முடியவில்லை, சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன்.

அம்மா அவனைப் 'பெரியவனே' என்று கூப்பிட்டாள். அது என்னைக் கூப்பிடுகிற முறை. வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். சின்னவன் என்று எவனும் கிடையாது, ஆனாலும் நான்தான் பெரியவன். நான் போன பிறகு அம்மாவின் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் கூப்பிட்டாள், அவன் வந்தான். கூப்பிட்ட மாத்திரத்தில் வருகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதால், போட்டியில் நான் தோற்றுப்போனதில் ஆச்சரியம் இல்லை. படித்து முடித்துத் திரும்பி வந்தபோது உத்தியோகமும் இல்லை, ஊரெல்லாம் மந்தம், ஆள் குறைப்பு. ஒரு அச்சாபீஸில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை கிடைத்தது. வீட்டில் எனக்குக் கிடைத்தது பின்னறைப் பாய். முன்னறை அவனுடையது.

அவனோடு இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இடி இடித்தால் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் நுழைவான். அப்பாவோடு சேர்ந்து கட்டில் ஒரு சாண் உயரும். சந்தோஷம் வந்தால் வாலை ஆட்டுவான்; இரண்டு லாந்தர்க் கண்ணாடி, ஒரு கூஜா, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த மனிதரின் வெற்றிலைத் தட்டு எல்லாம் அந்த வாலுக்குப் பலியாயின. வெள்ளிக்கிழமை அம்மா அவனுக்கும் மோர்ச்சோறுதான் போடுவாள். அவன் தட்டைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான், பெருமூச்சு விட்டுவிட்டுத் தின்பான். தண்ணீர் மட்டும் எந்தச் சட்டியிலும் குடிக்க மாட்டான். குளிக்கிற இடத்தில் இருக்கும் செம்பு அண்டாதான் அவனுக்கு. அம்மாவின் சீர்வரிசையில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த அண்டா. விளிம்பு சரியாக அவன் மோவாய் உயரம்.

அப்பா ரயில்வே எஞ்சின் ஷெட்டில் பிட்டர். அவர் பார்க்கிற எஞ்சின்களில் ஒன்றுக்கு ஊதல் கொஞ்சம் பழுது. மற்றதெல்லாம் நீளமாக ஊதும், அது மட்டும் கடைசியில் உடைந்து கீச்சென்று முடியும். அந்த எஞ்சின் சாயந்தரம் கிள்ளானிலிருந்து திரும்பி ஷெட்டுக்குள் நுழைகிறபோது ஊதும். அதைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வருவார். அதனால் அந்தக் கீச்சு கேட்டதும் அவன் எழுந்து வாசல் கதவுக்குப் போய் நிற்பான். அப்பா வந்ததும் முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் வைத்து முகத்தைப் பார்ப்பான். அப்பா பேச்சுக் குறைந்தவர். நாள் முழுக்க அவர் சிரிப்பது அந்த ஒரு தடவைதான்.

இப்படி இருக்கும்போதுதான் வெறிநாய்ப் பயம் வந்தது. அடுத்த வரிசையில் குடியிருக்கிற கிராணியார், ரயில்வே ஆபீஸில் பெரிய கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், பேப்பரோடு வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். எங்கள் வீட்டுக்குள் அவர் எப்போதும் நுழைந்ததில்லை.

"தம்பி, வடிவாக் கேளும். இனி நாய் வெளிய வாறதெண்டால் கழுத்தில லைசன்ஸ் வில்லை இருக்க வேணும், வாயில கூடு இருக்க வேணும். இல்லாட்டிப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"எங்க நாயையா? பிடிக்க வர்றவன இது பிடிச்சுக்கிட்டு வந்துடும் ஐயா."

"பகிடி விடாதையும். உம்மட நாய் கடிச்சால் மனிசனுக்கு மிச்சம் ஒண்டும் இராது."

வில்லை வாங்குவது சுலபம், வாங்கியாயிற்று. வாய்க்கூடுதான் கிடைக்கவில்லை. மூஞ்சியின் சுற்றளவைக் கயிற்றில் அளந்துகொண்டு போய்ச் சீனர் கடையில் காட்டினேன். கடைக்காரர் கயிற்றைத் தன் தொடையில் சுற்றிப் பார்த்தார். "குடா?" என்றார். குதிரையா என்று கேட்கிறார். நாய் என்றேன். கயிற்றை மடித்து மரியாதையாக என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் அப்பா தானே செய்தார். ஷெட்டில் கழித்துப் போட்ட எஞ்சின் பெல்ட் தோலை வார் வாராகக் கிழித்து, செப்பு ஆணி அடித்து, நாக்கு வெளியே வந்து தண்ணீர் குடிக்க இடம் விட்டு, மூன்று சாயந்தரம் உட்கார்ந்து ஒரு கூடு பின்னினார். கழுத்துப்பட்டையும் கூடும் ஒரே வார். அரசாங்கப் பித்தளை வில்லையைத் தனியாகத் தொங்கவிட்டால் தொலைந்துவிடும் என்று அதையும் அந்த வாரிலேயே ஆணி அடித்து இறுக்கினார். எதைக் கழற்றினாலும் மூன்றும் சேர்ந்துதான் வரும். அப்பாவின் வேலை எப்போதும் அப்படித்தான், அரைகுறை கிடையாது. அன்று அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்கு அப்பாவின் ஸ்பானர், சுத்தியல், கை விளக்கு, அம்மாவின் அரிவாள்மணை, என் காலேஜ் புத்தகங்கள், இந்த டைப்ரைட்டர் எல்லாம் பூஜைப் பலகைக்கு ஏறிவிடும். சந்தனம், குங்குமம் வைத்துப் படைத்துவிட்டால் தொடக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி பூஜை செய்து, வைத்ததை வடக்கே கொஞ்சம் நகர்த்தின பிறகுதான் கையில் எடுக்கலாம். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா அதில் ஒரு இம்மி விட்டுக்கொடுக்க மாட்டாள், காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூஜையன்று எஞ்சின் ஒன்று தடம் புரண்டு ஷெட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பா பலகையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது இடது கை சுண்டுவிரல் இல்லை. மழையில் இரும்பு வழுக்கினது என்பது என் கட்சி. அம்மா என் கட்சியைக் கேட்கவே இல்லை. அப்பா எந்தக் கட்சியும் சொல்லவில்லை.

இது எல்லாம் தெரிந்திருந்தும் நான் செய்ததைச் சொல்கிறேன். காலையில் அம்மா பலகையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முன்னறைக்குப் போய் அவன் கழுத்திலிருந்து அந்த வாரைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினேன்.

"இதையும் வைம்மா. அவனும் வாட்ச்மேன் உத்தியோகம் பாக்கிறான்ல."

"சாமி காரியத்துல கேலி பண்ணாதடா."

"கேலி இல்லம்மா. அப்பா கையால செஞ்சது. ஸ்பானர வைக்கிற, ஸ்பானர் பிடிக்கிற கை செஞ்சத வைக்க மாட்டியா? காலேஜ் புத்தகத்த விட இது உசத்தி. என்னோடத வெச்சு எனக்கு என்னா வேலை கெடச்சிச்சு?"

வாய் சாமர்த்தியம். காலேஜில் விவாதக் கூட்டத்தில் பேசிப் பேசி வளர்த்தது. அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அதுவும் சரிதான். அவர் செஞ்சதுதானே" என்று வாங்கிப் புளி போட்டு வில்லையைத் துலக்கி, சந்தனம் தொட்டு வைத்தாள். அப்பா ஷெட்டில் பூஜைக்கு ஏற்கனவே போய்விட்டார். இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் வேண்டாம் என்றிருப்பார். அவனை வாசல் தூணில் கொடிக்கயிற்றால் கட்டினேன். ஒரு நாள்தானே. வெளியே போகவா போகிறான்.

ஷெட்டிலும் அன்றைக்கு எஞ்சின்களுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொண்டாடுவார்கள். முடிவில் மூத்த தொழிலாளி ஒருவர் ஊதல் கயிற்றை இழுப்பார். இந்த வருஷம் அந்த மரியாதை அப்பாவுக்கு. அவர் தேர்ந்தெடுத்தது தன்னுடைய எஞ்சினைத்தான்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நான் பாயில் படுத்துப் பொரி தின்றுகொண்டிருந்தேன். ஊதல் கேட்டது. நீளமாக, மிகவும் நீளமாக இழுத்து, கடைசியில் கீச்சென்று உடைந்தது. நேரம் தப்பிக் கேட்ட அந்தச் சத்தத்தில் அவனுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. நான் வாசலுக்கு வந்தபோது பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்து காதை மடக்கிக் கயிற்றிலிருந்து கழுத்தை உருவிக்கொண்டிருந்தான். "டேய்" என்றேன். இடுப்பளவு வாசல் கதவைத் தாண்டக்கூட இல்லை, அதன் மேல் காலெடுத்து வைத்து நடந்து போவது மாதிரி போனான். கழுத்தில் ஒன்றும் இல்லை. வாயில் ஒன்றும் இல்லை. நெற்றியில் மட்டும் அம்மா வைத்த குங்குமம்.

பின்னாலேயே ஓடினேன். தண்டவாளத்தோரம் வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது. பிறகு மழை கொட்ட ஆரம்பித்தது. ஷெட்டுப் பக்கம் போனேன், இல்லை. பாலத்துப் பக்கம் போனேன், இல்லை. பெரியவனே, பெரியவனே என்று கத்திக்கொண்டு ஓடுகிற என்னை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

கிராணியார்தான் எதிரில் வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் சைக்கிள்.

"தம்பி, எங்க ஓடுறீர்? உம்மட நாயைப் பிடிச்சு வண்டியில ஏத்திப்போட்டாங்கள். நாலு பேர். கம்பிச் சுருக்குப் போட்டு இழுக்கேக்க ஒரு ஆளின்ர கையில பல்லுப் பட்டிட்டுது. ரத்தம்."

"கடிச்சிட்டானா?"

"கடிச்சதோ கிழிஞ்சதோ, எனக்குத் தெரியாது. இந்தாரும், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடும்." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், நல்ல பிராணி" என்றார். வாசல் தாண்டாத மனிதர்.

பட்டியில் தகரக் கூரை, வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். கடைசிக் கூண்டில் அவன் நிற்க முடியாமல் குனிந்து நின்றான். பட்டிக்காரர் ஒரு தமிழர், நாற்பது வயது இருக்கும், வலது கையில் கட்டு. கட்டில் சிவப்பு. என்னைப் பார்த்ததும் அவருக்கு யார் என்று புரிந்துவிட்டது.

"உன்னோடதா?"

"ஆமாண்ணே. கை எப்பிடி இருக்கு?"

"கையப் பத்தி அப்பறம் கேளு. வில்லை எங்க?"

"வீட்டுல இருக்குண்ணே."

"வில்லை வீட்டுல இருக்கு, நாய் ரோட்டுல இருக்கு. நல்ல ஏற்பாடு லா. தம்பி, கேட்டுக்க. வில்லை இல்லாத நாய் கடிச்சா அது சொந்தக்காரன் இல்லாத நாய். அன்னைக்கே சுட்டுத் தலைய மட்டும் சோதனைக்கு அனுப்பிடுவாங்க. வில்லை இருந்தா பத்து நாள் கூண்டுல வெச்சுப் பார்ப்பாங்க. வெறி இல்லன்னா விட்டுடுவாங்க. அஞ்சு மணிக்குத் துப்பாக்கி வருது."

"நம்பர் புத்தகத்துல பதிஞ்சிருக்குமேண்ணே. பாருங்க."

"ஆபீஸ் பூட்டியாச்சு, சனிக்கிழமை. எனக்கு வில்லை கண்ணால தெரியணும்."

நாய்ப்பட்டிச் சுவரில் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது.

வீட்டுக்குள் ஓடியபோது காலிலிருந்து சேறு சொட்டியது. அம்மா பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், நடந்ததை யாரோ சொல்லியிருந்தார்கள். நான் நேராகப் போய்க் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத."

"அம்மா, அஞ்சு மணிக்குச் சுட்டுடுவாங்கம்மா."

"தெரியுது. நீ தொடாத."

"ஒரு பித்தளைத் துண்டும்மா. அஞ்சு நிமிஷம். உன் சாமி அதுக்கெல்லாம்..."

"உங்கப்பா விரலு போயிருக்குடா இந்த வீட்டுல. அவரு இப்ப எஞ்சினுக்குக் கீழ நிக்கிறாரு. இன்னிக்கு நீ இத எடுத்து அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

நான் வாதாடினேன். அன்றுவரை நான் பேசி ஜெயிக்காத விஷயம் கிடையாது. காலையில் இதே இடத்தில் இதே அம்மாவிடம் பேசி ஜெயித்ததன் பலன்தான் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. அதனால் பாதியில் நிறுத்திவிட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அம்மா என் மணிக்கட்டை விட்டாள். எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தாள். கற்பூரம் ஏற்றினாள். ஒரு தேங்காயை எடுத்து அம்மி முனையில் உடைத்தாள். மறுநாள் விடிந்து செய்ய வேண்டியது. பலகையில் மற்ற எதையும் தொடாமல் அந்தத் தோல் வாரை மட்டும் ஒரு விரலால் வடக்கே தள்ளினாள். அரை அங்குலம் இருக்கும்.

"நான்தான் எடுக்கிறேன். வேற யாரும் எடுக்கல. கேக்கிறதா இருந்தா என்னயக் கேளு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு வாரை எடுத்து என் கையில் போட்டாள். "ஓடு."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியப் போலீஸ்காரர் ஏற்கனவே வந்து, துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு பெஞ்சில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பட்டிக்காரர் வாரை வாங்கினார். மழையில் நனைந்தும் தோல் மடிப்பில் சந்தனம் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பூஜையில இருந்ததா?"

"ஆமாண்ணே."

"யாரு எடுத்துக் குடுத்தா?"

"அம்மா."

அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கட்டுப் போட்ட கையையும் சேர்த்து இரண்டு கையாலும் அந்த வாரைப் பிடித்துக்கொண்டார். "நானும் காலையில சுருக்குக் கம்பியப் பூஜையில வெச்சிட்டுத்தான் லீவு கேட்டேன். துரை தரல. எடுத்துக்கிட்டு வந்தேன், வாங்கிக்கிட்டேன்" என்று கட்டைக் காட்டினார். போலீஸ்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார். அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்.

அப்பா சாயந்தரம் விஷயத்தைக் கேட்டார். நான் வாரைப் பூஜையில் வைத்ததைச் சொன்னேன். அம்மா எடுத்ததைச் சொன்னாள். அவர் இருவரையும் திட்டவில்லை. "கயித்த இழுத்தது நான்தானே" என்றார். ரொம்ப நேரம் இழுத்தேன், எல்லாரும் கை தட்டினாங்க, அதான் இழுத்தேன் என்று கொஞ்சம் கழித்துச் சொன்னார். அவ்வளவுதான்.

பத்து நாள் கணக்கு ஆரம்பித்தது. நான் தினமும் வேலைக்குப் போகுமுன் பட்டிக்குப் போகிறேன். பட்டிக்காரர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறார். நாய்க்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஆக, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஊரில் எங்களை விட அதிகமாகக் கும்பிட்டவர் அவன் பல் பட்ட மனிதர்தான்.

முதல் மூன்று நாள் கவலை இல்லை. சோறு தின்றான். தினமும் மழை. கூண்டின் ஓரச் சாக்கடையில் ஓடுகிற மழைத் தண்ணீரை நக்கிக் குடித்தான். நான்காம் நாள் மழை நின்றது. பட்டிக்காரர் தகரத்தில் தண்ணீர் வைத்தார், தொடவில்லை. ஐந்தாம் நாளும் தொடவில்லை. அன்று நான் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பீங்கான் தட்டு கொண்டு போனேன், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மண்சட்டி கொண்டு போனேன். என் உள்ளங்கையில் வைத்துக் கம்பிக்குள் நீட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தான். கடைவாயில் நுரை மாதிரி உலர்ந்திருந்தது.

வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பட்டிக்காரர் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்கார மிருக டாக்டர் மறுநாள் காலையில் வந்து பார்ப்பார்; குடிக்கவில்லை என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் பத்து நாள் வரை காத்திருக்க மாட்டார்.

"குடிடா சாமி" என்றார் அவர். "வீட்டுல நாலு பொம்பளப் புள்ளைங்கடா எனக்கு. ஒரு வாய் குடி, நான் எழுதிக்கிறேன்."

"எழுதிடுங்களேண்ணே, குடிச்சிச்சுன்னு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "குடிக்காமக் குடிச்சிச்சுன்னு எழுதி ஊசிய நிறுத்திட்டா, அப்பறம் நான் குடிக்க மாட்டேன் தம்பி. காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலயா?"

வெட்கிப்போய் வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் தட்டு, சட்டி, கை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே குளிக்கிற இடத்துக்குப் போனாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அண்டாவைச் சாய்த்துக் காலி செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் மூன்று பேரின் மனசிலும் அதுவரை படாத விஷயம். படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினம் குளிக்கப் போகும்போதெல்லாம் அதற்காக அவனைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். சட்டை மாற்றவில்லை, பசியாறவில்லை. துண்டைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, குனிந்து, "தூக்கி விடு" என்றார். அவர் முன்னால், அம்மா பின்னால், நான் கிராணியாரின் சைக்கிளில் வாளியை மாட்டித் தள்ளிக்கொண்டு கடைசியில். வெயில் இன்னும் இருந்தது. கிராணியார் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன, வீடு மாறப் போறியளோ?"

"பெரியவனுக்குத் தண்ணி" என்றாள் அம்மா.

கூண்டுக்குள் அண்டா நுழையவில்லை. பட்டிக்காரர் யோசித்தார். பிறகு அப்பா செய்த வாய்க்கூட்டை என்னிடம் கொடுத்துக் கம்பி வழியாக அவனுக்குப் பூட்டச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து தானே நாலு அடி தள்ளிப் போய் நின்றார். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஆற்றிலிருந்து வாளி வாளியாக மொண்டு அண்டாவை நிரப்பினார். அவன் வெளியே வந்து உடம்பை நீட்டினான். அப்பாவின் தோளில் கால் வைக்கப் பார்த்தான், முடியவில்லை, இறங்கிவிட்டான். அண்டாவை முகர்ந்தான். விளிம்பில் மோவாயை வைத்தான்.

அப்பா விட்டு வைத்த அந்த இடத்தின் வழியாக நாக்கு வெளியே வந்தது.

அந்தச் சத்தம் மட்டும், சளக் சளக்கென்று. இடையில் நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி குடித்தான். பட்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "நாளைக்கு ஊசி போடறப்ப அழ மாட்டேன்" என்றார். பிறகு புத்தகத்தை எடுத்துக் கட்டுப் போட்ட கையால் கோணல் மாணலாக எழுதினார். அம்மா அதை எட்டிப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. "என்னா எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள். குடித்தது என்று எழுதியிருக்கிறது என்றேன்.

டாக்டர் மறுநாள் வந்து புத்தகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பத்து நாளும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி நிற்கவில்லை. பத்தாவது நாள் வரை எதுவும் முடிவில்லை. நேற்றுச் சோற்றில் பாதியை மிச்சம் வைத்தான். வெறுப்பா, வெயிலா, வேறு ஏதாவதா என்று மூன்று பேரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். சாயந்தரம் அந்த எஞ்சின் ஊதும்போது யாரும் வாசல் பக்கம் பார்ப்பதில்லை. அம்மா அப்பாவின் கையை, மிச்சமிருக்கிற விரல்களை, தினமும் ஒரு தடவை எண்ணுவது மாதிரி பார்க்கிறாள்.

இன்று எட்டாவது நாள். அண்டா பட்டியில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் வாளித் தண்ணீரில் குளிக்கிறோம்.